பேராதனைப் பட்டமும் அலவத்துகொடவின் கடன் கொப்பியும்

ஆண்டு முடிவில் எந்தப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்தின் செய்திமடலை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே சமாசாரம்தான். புதிதாக ஆரம்பித்த டிப்ளோமா, கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தம், கேடயத்தோடு நிற்கும் மாணவர் குழு, கொழும்பு வங்கிக்கும் கணக்காய்வு நிறுவனத்துக்கும் பயிற்சிக்குப் போனவர்களின் விபரம். இவை பொய்யுமல்ல, வீணுமல்ல. ஆனால் ஒரு வணிகக் கல்லூரி வளர்ந்திருக்கிறதா என்பதை இவற்றை வைத்து அளக்க முடியாது. தன்னைச் சுற்றி ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நடக்கும் வியாபாரத்தைப் பற்றி அது இந்த ஆண்டு புதிதாக என்ன தெரிந்துகொண்டது என்று கேட்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தை முன்னே வைத்துப் பேசினால் இது விளங்கும். அங்கே முகாமைத்துவம் தனிப் பீடமானது 2015இல். அதற்கு முன் வணிகப் படிப்பு கலைப் பீடத்தின் நிழலில் இருந்தது. பத்தாண்டு கடந்த பீடத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்பது அவசரமாகாது.

அந்த ஒரு மணி நேர வட்டத்துக்குள் என்ன இருக்கிறது? கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அலவத்துகொட என்று மாத்தளைக்கு ஏறுகிறது. இருபுறமும் கடைகள், கடைகளுக்குப் பின்னால் மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் வீட்டுத் தோட்டங்கள், அதற்கு மேலே தேயிலை. இந்த வீதியில் மிளகு வாங்கும் ஒரு சிறு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். தோட்டக்காரருக்குக் காசைக் கையில் கொடுத்தால்தான் மூட்டை இறங்கும். லீற்றருக்கு எத்தனை கிராம் நிற்கிறது, ஈரம் எவ்வளவு என்று பார்த்து விலை பேசுகிறார். அதே மிளகைக் கொழும்பு மொத்த வியாபாரிக்கு அனுப்பும்போது அவருக்குக் கிடைப்பதோ பின்திகதியிட்ட காசோலை. பத்து இலட்சம் ரூபாய்ச் சரக்கு, 90 நாள் தவணை என்று வைப்போம். வங்கி வட்டி ஆண்டுக்கு 25 வீதமானால் அந்தக் காத்திருப்புக்கு மட்டும் ஏறத்தாழ 61,600 ரூபாய் போய்விடும். ஆறு வீத இலாபம் வைத்து விற்றவர் தன் கைக்காசையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். இது கற்பனை வட்டி அல்ல. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியபின், அந்த ஆண்டின் பிற்பகுதியில் நல்ல வாடிக்கையாளருக்கே வங்கிகள் 25 வீதத்துக்கு மேல் கேட்டன. தொழிற்படு மூலதனம் என்று வகுப்பில் படிப்பிக்கும் அதிகாரம் முழுவதும் இந்த ஒரு கொடுக்கல் வாங்கலில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த வகுப்புக்குரிய பாடப்புத்தக உதாரணம் பெரும்பாலும் அமெரிக்கக் கம்பனி ஒன்றாகவே இருக்கும்.

வட்டியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையும் 8 கோடியிலிருந்து 6 கோடியாக இறங்கியது. நீதிமன்றம் போகாமலே அடகுச் சொத்தை ஏலம்விட வங்கிக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அளிக்கும் பராட்டே அதிகாரத்தைச் சிறிது காலம் நிறுத்திவைக்கும் அளவுக்குச் சிறு முயற்சியாளரின் கடன் நிலைமை மோசமானது. அக்குறணைக்கு இன்னொரு வட்டி உண்டு. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் நகரக் கடைகளுக்குள் தண்ணீர் ஏறும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டமே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. அலவத்துகொடப் பக்கத்து மண்சரிவும் அந்தக் கணக்கில் சேரும். வெள்ளம் வரும் என்று தெரிந்த தெருவில் சரக்கை எந்தத் தட்டில் வைப்பது, காப்புறுதி எடுப்பதா, கிட்டங்கியை மேட்டுக்கு மாற்றினால் கூலி கட்டுப்படியாகுமா? இடர் முகாமைத்துவத்துக்கு இதைவிட நல்ல பாடம் எந்த நாட்டிலும் தேட வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் கடைக்காரருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் இடமல்ல, அது கோட்பாட்டுக்கான இடம் என்று மறுப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. உடனடிப் பயன் கேட்டுக் கேட்டே கல்வியைக் குறுக்கிவிடலாம். ஆனாலும் வணிகக் கல்வியின் கோட்டையாகக் கருதப்படும் ஹார்வர்டு வணிகக் கல்லூரியே 2010இல் மும்பை டப்பாவாலாக்களைப் பற்றி ஒரு ஆய்வுக் கதை எழுதி வகுப்பில் வைத்தது. சாப்பாட்டுக் கூடை சுமப்பவர்களிடம் கற்க ஹார்வர்டுக்குக் கூச்சமில்லாதபோது, அக்குறணையிடம் கற்கப் பேராதனைக்கு என்ன தயக்கம்? இன்னும் கிட்டிய முன்மாதிரி குஜராத்தின் ஆனந்த் நகரில் இருக்கிறது. பால் கூட்டுறவுகளுக்கு முகாமையாளர் வேண்டும் என்று வர்கீஸ் குரியன் 1979இல் ஊரக முகாமைத்துவ நிறுவனத்தை அங்கே தொடங்கினார். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது பாடத்திட்டத்தின் பகுதியாகவே வைக்கப்பட்டது. படித்து முடித்தவர்களில் பலர் பிறகு பெரிய கம்பனிகளுக்குப் போனார்கள் என்பது உண்மை. அது அவரவர் உரிமை. பட்டதாரி ஊர்க்கடைக்குத் திரும்ப வேண்டும் என்பதல்ல என் வாதம். ஊர்க்கடையைப் பற்றிய அறிவு வகுப்புக்குள் வந்து தங்க வேண்டும் என்பதுதான்.

மொழி விடயம் இதைவிடச் சிக்கலானது. இந்தப் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தரத்தில் கணக்கீடும் வணிகக் கல்வியும் பொருளியலும் தமிழிலேயே படிக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் நுவரெலியா இருக்கிறது, கண்டி இல்லை. ஆகவே அலவத்துகொட மலையில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளை, கண்டி நகரப் பெரிய பாடசாலைகளோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டி போட வேண்டும். அதையும் தாண்டி உள்ளே போனால் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்பவர் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தோடு விளையாடுகிறார், அது இருக்கட்டும். ஆனால் களத்தில் எடுக்கும் குறிப்பும், கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கும் இரண்டு பக்க அறிக்கையும் தமிழிலோ சிங்களத்திலோ இருக்க முடியும், இருக்கவும் வேண்டும். அப்போதுதான் தமிழில் படித்துவந்த மாணவர் குறையுள்ளவராக அல்ல, வேறு யாருக்கும் திறக்காத கதவைத் திறக்கக்கூடியவராக வகுப்பில் மதிக்கப்படுவார்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபணை வியாபாரியிடமிருந்தே வரும்: கணக்குக் கொப்பியை யார் காட்டுவார்? வரித் திணைக்களம் எல்லையைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும் காலத்தில் முன்பின் தெரியாத மாணவரிடம் கடன் கொப்பியைக் காட்ட யாருக்கும் பைத்தியமில்லை. இதற்குச் சாமர்த்தியமான பதில் கிடையாது. நிதானமான வழி உண்டு. ஆய்வுக் கதைகளில் பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுவது உலக வழக்கம். முதல் ஆண்டு கொப்பியைக் கேட்கவே வேண்டாம். சரக்குச் சுழற்சி, வெள்ளச் சேதம், போக்குவரத்துக் கூலி போன்று கடைக்காரர் தானாகவே பேச விரும்பும் விடயங்களில் தொடங்கலாம். ஒரு தவணையில் மாணவர் செய்துகொடுத்த கணிப்பு பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அடுத்த தவணையில் கொப்பி தானாக வெளியே வரும். ஒரே தெருவுக்கு ஆண்டுதோறும் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை வந்து படமெடுத்துப் போகும் குழுவை இந்த வீதிக்கு நன்றாகவே தெரியும்.

போட்டிகளில் வெல்லும் மாணவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஹல்ட் பரிசு போன்ற சர்வதேச மாணவர் வணிகப் போட்டி மேடைகளில் சில நிமிடத்தில் ஒரு யோசனையை விற்கப் பழகுவது நல்ல பயிற்சி. ஆனால் அந்தப் போட்டிகளின் தலைப்பை வேறெங்கோ இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். அதில் விடுபடும் கேள்விக்கு ஒரு உதாரணம்: 2017 டிசம்பரில் இந்தியா, இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று அடிமட்ட விலை வைத்தது. டெல்லியின் அந்த ஒரு அறிவித்தல் அலவத்துகொடவில் மூட்டை இறக்கியவருக்கு என்ன செய்தது, யார் தாங்கினார்கள், யார் கடையை மூடினார்கள் என்ற கேள்வியை எந்தப் போட்டியும் தரப்போவதில்லை. அன்று வாங்கி விற்றவர்கள் பலர் இன்னும் அதே தெருவில் கல்லாவில் இருப்பார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் நால்வரும், இரு மொழியும் தெரிந்த ஒரு விரிவுரையாளரும், ஒரு தவணைக் காலமும் இருந்தால் அந்த ஆய்வுக் கதையை எழுதிவிடலாம்; அடுத்த செய்திமடலில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கப் பெரிய செலவும் ஆகாது.