காபி இலையில் ஒட்டிய ஆரஞ்சுப் பொடி

அம்பத்தூர்ல காபிக்கொட்டை அரைக்கிற எந்தக் கடையிலயும் "ரோபஸ்டா எவ்வளவு கலக்கணும்?"னு கேட்பாங்க. அராபிகா மட்டும் ஏன் போதலை? விலை ஒரு காரணம். இன்னொண்ணு, ஒரு பூஞ்சை.

1869-இல் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் காபி இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி படிந்தது. தொட்டா விரல்ல ஒட்டும். இலை கொட்டிடும். இலையில்லாத செடி எதை வச்சு காயைப் பழுக்க வைக்கும்? அதே ஆண்டு பெர்க்லி, புரூம் என்ற ஆங்கிலேயர்கள் அதுக்கு வச்ச பேர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். லத்தீனில் வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசக்காரி. பேர் பொருத்தம் அப்புறம்தான் முழுசா தெரிஞ்சது.

1880-இல் வந்த மார்ஷல் வார்ட், அது எப்படி நுழையுதுன்னு கண்டுபிடிச்சார்: ஈர இலையில் விழும் விதைத்தூள் முளைவிட்டு, இலைத்துளை வழியா உள்ளே போயிடும். மலை மலையா ஒரே பயிர் வேற. காற்றுக்குத் தடையே இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் இலங்கைக் காபித் தொழில் படுத்துவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. நோய் தென்னிந்தியாவுக்கும் வந்தது. அதை ஓரளவு தாங்கும் ரோபஸ்டா இங்கே வேரூன்ற அதுவும் ஒரு காரணம். 1970-இல் பிரேசில், 2012-இல் மத்திய அமெரிக்கா என்று இன்னும் சுற்றிக்கிட்டே இருக்கு.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற. காபிப் பழம் பறிப்பது சில மாத வேலை. நம்ம ஊர்க்காரங்க படகேறி மன்னார்ல இறங்கி, காட்டு வழியா கண்டிக்கு நடந்து போவாங்க. வழியிலேயே செத்தவங்க ஏராளம். பறிப்பு முடிஞ்சா நிறைய பேர் ஊர் திரும்புவாங்க. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுக்கக் கிள்ளணும். அதனால குடும்பத்தோடு லயத்திலேயே தங்கினாங்க. பிள்ளைகள் அங்கேயே பிறந்தாங்க.

1948 குடியுரிமைச் சட்டம் அவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவங்க ஆக்கிடுச்சு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கணும்னு முடிவாச்சு. அவங்களை யாரும் கேட்கலை. இதுக்குப் பூஞ்சைதான் காரணம்னு சொல்ல மாட்டேன். சட்டம் போட்டது மனுஷங்க. ஆனா அவங்க அங்கே நிலையாத் தங்கினதுல அந்தப் பொடிக்குப் பங்கு உண்டு.

திரும்பி வந்தவங்களுக்காக 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ அதுதான். அங்கேயும் தேயிலைதான்.