மலையில் தலைமடை, மணலில் கடைமடை

வடக்கு எவாசோ ஙிரோ கடலைத் தொடாத ஆறு. கென்யா மலையின் மேற்கு, வடக்குச் சரிவுகளிலும் அபர்டேர் மலைத்தொடரிலும் அதன் கிளைகள் பிறக்கின்றன. லைக்கிப்பியா மேட்டுநிலத்தில் ஒன்றுசேர்ந்து சம்புரு, இசியோலோ வறள்நிலங்களுக்குள் இறங்கி, லோரியன் சதுப்பில் அந்த நீர் அடங்கிவிடுகிறது. பெருவெள்ள ஆண்டுகளில் மட்டும் அதையும் தாண்டிச் சோமாலியாப் பக்கம் நகர்கிறது. மாசாய்கள் பேசும் மா மொழியில் இந்தப் பெயருக்குக் கலங்கல் நீர் ஆறு என்று பொருள். ஙிரோ என்ற சொல்லின் முதல் ஒலியை ஆங்கில எழுத்துகள் திண்டாடித்தான் காட்டுகின்றன. தமிழின் ஙகரம் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

இந்த ஆற்றின் எல்லாச் சிக்கலும் மழைக் கணக்கில் தொடங்குகிறது. 5,199 மீட்டர் உயரக் கென்யா மலையின் காட்டுச் சரிவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆர்ச்சர்ஸ் போஸ்ட் ஊரில் பெய்வது 350 மில்லிமீட்டர் அளவே. அந்த ஊர் வரையிலான வடிநிலம் சுமார் 15,200 சதுர கிலோமீட்டர். அதன் மிகச் சிறிய மேல்பகுதியில் விழும் மழைதான் கீழே உள்ள பெரும்பரப்பின் ஆற்றோட்டத்தைத் தாங்குகிறது. மேல்பகுதி நியேரி, மேரு, நியாண்டருவா கவுன்டிகளிலும், நடுப்பகுதி லைக்கிப்பியாவிலும், கீழ்ப்பகுதி சம்புரு, இசியோலோ கவுன்டிகளிலும் இருக்கிறது. கவுன்டி என்பதை நம் மாவட்டத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. 2010 அரசியலமைப்பு உருவாக்கிய 47 கவுன்டிகளில் ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநரும் சட்டமன்றமும் உண்டு. 2013 தேர்தலுக்குப் பின் அவை செயல்படத் தொடங்கின.

ஆற்றைப் பிடித்து வாழ்பவர்கள் இன்றைய இடங்களுக்கு வந்த கதைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. லைக்கிப்பியா மாசாய்களின் மேய்ச்சல் நிலமாக இருந்தது. 1904, 1911 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் பிரிட்டிஷ் ஆட்சி அவர்களை முதலில் அங்கே ஒதுக்கியது. பிறகு அங்கிருந்தும் தெற்கே அகற்றியது. காலியான நிலம் வெள்ளையர்களின் கால்நடைப் பண்ணைகளாக மாறியது. 1963 விடுதலைக்குப் பின் அவற்றில் பலவற்றை நிலம் வாங்கும் நிறுவனங்கள் வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, மலையடிவார உழவர்களுக்கு விற்றன. மழை நிறைந்த ஊர்களில் பழகிய உழவை அவர்கள் மழை குறைந்த நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஆறுதான் துணை. 1990களில் ஏற்றுமதிக்கான பூ, காய்கறிப் பண்ணைகளும் வந்து சேர்ந்தன. நன்யுகி, டிமாவு போன்ற ஊர்கள் பெருத்தன.

ஆற்றுக்கு என்ன ஆனது என்பதை ஆர்ச்சர்ஸ் போஸ்ட் அளவுமானி சொல்கிறது. வறட்சி உச்சத்தில் இருக்கும் பிப்ரவரி மாதத்தில் அங்கே 1960களில் சராசரியாக நொடிக்கு 9 கன மீட்டர் நீர் ஓடியது. 1990களில் அது ஒரு கன மீட்டரைக்கூட எட்டவில்லை. 1960கள் மழை மிகுந்த காலம் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் இவ்வளவு பெரிய சரிவுக்கு மழையை மட்டும் காரணம் காட்ட முடியாது. மலைச் சரிவில் பதித்த குழாய்களும் வெட்டிய வாய்க்கால்களும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

தண்ணீர் எடுக்கும் வாய்கள் காட்டுக்குள்ளேயே இருப்பதற்குக் காரணம் எளியது. உயரத்தில் குழாய் வைத்தால் மோட்டார் வேண்டாம். சரிவே நீரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். டீசல் வாங்க முடியாத சிறு உழவர்கள் நூறு பேர், இருநூறு பேர் சேர்ந்து, கைக்காசு போட்டு, கிலோமீட்டர் கணக்கில் குழாய் பதிக்கிறார்கள். இப்படி உருவானவைதான் சமுதாய நீர்த் திட்டங்கள். வீட்டுக்கு ஒரு மாதச் சந்தா, வாரத்தில் இன்ன நாள் இன்ன கிளைக் குழாய் என்று முறை, முறை தவறினால் இணைப்புத் துண்டிப்பு. ஒவ்வொரு திட்டமும் தன்னளவில் ஒழுங்கானது, நியாயமானது. ஒரே ஆற்றின் நெடுகிலும் அப்படிப் பல திட்டங்கள் சேரும்போதுதான் ஆறு வற்றுகிறது.

பழைய முறையில் நீர் எடுக்க அனுமதி தருவது தொலைவிலிருந்த அரசு அலுவலகத்தின் வேலை. அனுமதித் தாளில் உள்ள அளவுக்கும் குழாயில் ஓடும் அளவுக்கும் தொடர்பில்லை. அளந்து பார்க்க ஆளும் இல்லை. கோடை வந்தால் கீழே இருப்பவர்கள் ஆற்றங்கரையோடு மேலே ஏறி வந்து குழாயை உடைத்தார்கள். இந்தச் சண்டைகளின் நடுவில்தான், சட்டம் சொல்வதற்கு முன்பே, 1990களின் பிற்பகுதியில் மலையடிவாரக் கிளையாறுகளில் பயனாளர் சங்கங்கள் தோன்றின. ஒரு கிளையாறு, ஒரு சங்கம். சிறு உழவர்களின் நீர்த் திட்டம், பூப்பண்ணை, கால்நடைப் பண்ணை, ஊர்க் குடிநீர் நிறுவனம் என எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 2002 நீர்ச் சட்டம் இவற்றை நீர்வளப் பயனாளர் சங்கங்கள் என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. 2016 நீர்ச் சட்டம் கூட்டு மேலாண்மையும் தகராறு தீர்த்தலும் அவற்றின் வேலை என்று வரையறுத்தது.

ஒரு சங்கத்தின் முதல் வேலை பெரும்பாலும் நடைதான். காட்டின் விளிம்பிலிருந்து ஆறு சேருமிடம் வரை கரையோடு நடந்து, வழியில் உள்ள ஒவ்வொரு குழாயையும் பம்பையும் வாய்க்காலையும் பதிவு செய்கிறார்கள். அனுமதி உள்ளது எது, அனுமதிக்கு மேல் எடுப்பது எது, தாளே இல்லாதது எது என்பது அப்போதுதான் ஊருக்கே தெரிகிறது. அடுத்தது, தனித்தனியாக ஆற்றில் வாய் வைத்திருப்பவர்களைச் சேர்த்து ஒரு பொது மடை கட்டுவது. ஒரே இடத்தில் எடுத்து, அளந்து, பிறகு பிரித்துக்கொள்வார்கள். மடையின் மதகுக்குப் பூட்டு உண்டு. சாவி சங்கத்தின் கையில். ஆற்றில் நட்ட அளவுகோலில் நீர் குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கினால் முறைப்பாசனம் தொடங்குகிறது. இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அடுத்தது. முறையை மீறுவோரைப் பார்க்கச் சங்கத்தின் காவலர்கள் கரையோடு சுற்றி வருகிறார்கள். தகராறு முதலில் சங்கக் குழுவுக்கு வரும். அங்கே தீராவிட்டால் நீர்வள ஆணையம், அதற்கும் மேலே நீர்த் தீர்ப்பாயம்.

இந்த முறை வேலை செய்வதன் ரகசியம், ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிறது என்பதே. கிளையாறு இருபது, முப்பது கிலோமீட்டர்தான். மேலே மதகைத் திறந்தவர் யார் என்பது மறுநாளே கீழே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கும். பொதுவளத்தை மக்களே ஆளும் விதிகளை வகுத்துச் சொன்னதற்காக 2009ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரோமின் கோட்பாடுகளைக் கொண்டு, ஆய்வாளர்கள் இந்த மலையடிவார ஏற்பாடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். சிறு அமைப்பு பெரிய அமைப்புக்குள் பொருந்தி நிற்க வேண்டும் என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று. வீட்டுக் குழாய் நீர்த் திட்டத்துக்குள்ளும், திட்டம் கிளையாற்றுச் சங்கத்துக்குள்ளும் இங்கே நன்றாகப் பொருந்தியிருக்கின்றன.

பூப்பண்ணைகள் இதில் மனமுவந்து கலந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியச் சந்தையில் விற்க, நீரை முறைப்படி எடுப்பதற்கான சான்று வேண்டும். ஆற்றங்கரையில் கலவரம் நடந்தால் வியாபாரம் போகும். அதனால் மடை கட்டவும் அளவுமானி வைக்கவும் அவை பணம் தருகின்றன. பாசனத்துக்கு வெள்ளநீரைத்தான் எடுக்க வேண்டும், கோடையைத் தாண்ட 90 நாளுக்கான நீரைத் தேக்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பெரிய குளம் வெட்டிப் பிளாஸ்டிக் விரித்து அதை நிறைவேற்றப் பண்ணையால் முடிகிறது. அரை ஏக்கர் உழவரால் எப்படி முடியும்? சங்கம் நடப்பதே பண்ணையின் பணத்தில் என்றாகும்போது, அதன் கூட்டத்தில் யார் குரல் ஓங்கும் என்பது கேட்கத் தேவையில்லாத கேள்வி. வேறு வருமானமாக நீர்த்துறை அறக்கட்டளை நிதி, துணை வடிநிலத் திட்டம் தயாரிக்கும் சங்கங்களுக்குப் பணம் தருகிறது. அது திட்டக் காலத்துக்கான பணம். காவலருக்கு மாதாமாதம் சம்பளம் தர அதை நம்பி இருக்க முடியாது.

கிளையாற்றுக்கு வெளியே வந்தால் காட்சி மாறிவிடுகிறது. 2010 அரசியலமைப்பு அதிகாரத்தைப் பிரித்த விதம் அப்படி. ஆறுகளும் நீர்வளமும் மக்கள் சார்பில் மத்திய அரசிடம் இருக்கின்றன. அனுமதி தருவது அதன் நீர்வள ஆணையம். குடிநீர் வழங்குவதும், மண், நீர் பாதுகாப்பை நடைமுறைப்படுத்துவதும் கவுன்டிகளின் பொறுப்பு. ஆற்றிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் ஆளுநருக்கு இல்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் தருவேன் என்று வாக்குக் கேட்பவர் அவர்தான். மேல் கவுன்டியில் புதிதாகப் பதிக்கும் ஒவ்வொரு குழாயும் அந்த ஊருக்கு நல்ல செய்தி. அதன் விலையைக் கீழ்க் கவுன்டி கட்டுகிறது. அங்கே உள்ளவர் மேல் கவுன்டியின் வாக்காளர் இல்லை. கவுன்டிகள் கூட்டுக்குழுக்களும் கூட்டு அமைப்புகளும் ஏற்படுத்திக்கொள்ளலாம் என்று அரசியலமைப்பின் 189ஆம் பிரிவு வழிவிடுகிறது. அது கட்டாயம் இல்லை, அனுமதி மட்டுமே.

சங்கங்களுக்கும் கவுன்டிகளுக்கும் மேலே வடிநில நீர்வளக் குழு என்ற அமைப்பை 2016 சட்டம் வைத்திருக்கிறது. கவுன்டி அரசுகள், வணிகர்கள், தொண்டு அமைப்புகள் ஆகியோரின் சார்பில் அதில் ஆட்கள் இடம்பெற வேண்டும். உழவர் அல்லது மேய்ச்சலாளர் சார்பில் ஒருவர் என்கிறது சட்டம். ‘அல்லது’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தலைமடையில் இருப்பவர் உழவர், கடைமடையில் இருப்பவர் மேய்ச்சலாளர். இந்த ஆற்றின் முதன்மையான வழக்கே இவர்கள் இருவருக்கும் இடையில்தான். அவர்கள் இருவருக்கும் சட்டம் ஒரே நாற்காலியைப் போட்டிருக்கிறது.

கடைமடையில் ஒழுங்கு இல்லை என்று நினைப்பதும் தவறு. இசியோலோவின் பொரானா மக்களிடம் டேதா என்ற மூத்தோர் சபை எந்தப் பருவத்தில் எந்த மேய்ச்சல், எந்த நீர்நிலை என்று முடிவு செய்கிறது. கிணற்றில் மந்தைகள் நீர் குடிக்கும் வரிசையைக் கவனிப்பவருக்கு ‘அபா ஹெரேகா’ என்று பெயர். முறையின் தந்தை என்று சொல்லலாம். மலையடிவாரச் சங்கம் பூட்டும் சாவியும் கொண்டு செய்வதை அவர் தன் சொல்லால் செய்கிறார். சிக்கல் என்னவென்றால், சங்கத்தின் எல்லை கிளையாற்றின் வடிநிலம். நிலையாக இருப்பவர்களுக்காக வரைந்த கோடு அது. மந்தை மழையைத் தேடி நகரும். வறட்சியில் ஆற்றோடு மேலே ஏறி, பண்ணை வேலிகள் வரை வரும். சங்கப் பதிவேட்டில் அந்த மேய்ச்சலாளருக்குக் குழாய் இல்லை, அனுமதி இல்லை, அதனால் பெயரும் இல்லை. ஆற்றில் வாயை வைத்துக் குடிக்கும் மாட்டுக்கு யார் அனுமதித் தாள் தருவார்கள்?

மேய்ச்சலாளர்கள் தங்கள் இருப்பைத் தெரிவிக்க வேறு வழி கண்டார்கள். ஆற்றின் நடுப்பகுதியில் பெரிய அணை ஒன்றைக் கட்டும் திட்டம் எழுந்தபோது, 2013 முதல் இசியோலோ, சம்புரு, லைக்கிப்பியா மேய்ச்சல் மக்கள் ஒட்டகங்களோடு ஆற்றங்கரை நெடுக நடைப்பயணம் மேற்கொண்டார்கள். அணைக்குக் கீழே ஆற்று நீருக்காகக் காத்திருப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த, மேய்ச்சலுக்காகத் தங்களுக்குள் மோதியும் வந்த மக்கள் ஒன்றாக நடந்தார்கள் என்பது சிறிய செய்தி இல்லை.

சட்டம் கடைமடைக்கு ஒரு பாதுகாப்பை எழுதி வைத்திருக்கிறது. அதற்கு ஒதுக்கு நீர் என்று பெயர் வைக்கலாம். மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிருக்கும் வேண்டிய அளவு முதலில் ஓட வேண்டும், மீதியைத்தான் பங்கிடலாம். நூறு நாளில் 95 நாளாவது ஆற்றில் இருக்கும் ஓட்டத்தை அந்த அளவாகக் கொள்கிறார்கள். அதற்கு அடுத்த இடம் வீட்டு உபயோகத்துக்கு. பாசனம் பிறகு. கிளையாறு ஒவ்வொன்றும் தன் கடைசி மடைக்குக் கீழே இந்த அளவை விட்டால் பெரிய ஆறு ஓடும் என்பது கணக்கு.

கணக்குப்படி நடக்காததற்கு மணலும் ஒரு காரணம். ஒரு கிளையாற்றின் சங்கம் நேர்மையாக மதகுகளை மூடினாலும், விட்ட நீர் நாள்கணக்கில் நகர வேண்டும். வழியில் வெயிலும் வறண்ட ஆற்றுப்படுகையும் அதைக் குடித்துவிடும். பக்கத்துக் கிளையில் மதகு திறந்திருந்தால் மூடியவரின் தியாகம் வீண். ஆர்ச்சர்ஸ் போஸ்ட்டில் ஆறு ஓட வேண்டுமானால் நாரோ மோரு, புர்குரெட், நன்யுகி, லிக்கி, ஒன்டுலிலி, சிரிமோன், டிமாவு என எல்லாக் கிளைகளிலும், அதாவது பல கவுன்டிகளில், ஒரே வாரத்தில் மதகுகள் இறங்க வேண்டும். 2009 வறட்சியில் கீழ்ப்பகுதி ஆறு வறண்டு, யானைகள் மணலைத் தோண்டிக் குடித்தன. அடுத்த மார்ச்சில் அதே ஆறு பெருக்கெடுத்து, சம்புரு காப்பகத்தின் விடுதிகளை அடித்துச் சென்றது. அந்த வெள்ளத்தில் ஒரு பகுதியை மலையடிவாரக் குளங்கள் பிடித்திருந்தால், அடுத்த கோடையில் அவ்வளவு மதகுகளை மூடும் தேவை இருந்திருக்காது. குளம் வெட்டும் செலவைத் தலைமடைக் கவுன்டிகள் மட்டும் ஏற்பதா, பயன் பெறும் கடைமடையும் சேர்ந்து ஏற்பதா என்பதை 189ஆம் பிரிவின் கூட்டுக்குழு ஒன்றுதான் பேசி முடிக்க முடியும். ஒரே வாரத்தில் எல்லா மதகுகளையும் மூடச் சொல்லும் உத்தரவு நன்யுகியில் உள்ள நீர்வள ஆணைய அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அதை நடைமுறையில் செய்து காட்டும் சாவிகள் சங்கங்களிடம் இருக்கின்றன.