இறந்தகால விகுதியும் சமூக உறவும்: ஸ்பானிய வினை குறித்து ஒரு நோக்கு

இலக்கண வடிவங்கள், மொழியைப் பேசும் மக்களின் வாழ்நிலையினின்றும் பிரித்து நோக்கத்தக்கன அல்ல. இதனை விளக்க, ஸ்பானிய மொழியின் ஒழுங்கான வினை இறந்தகாலத்தில் திரியுமாற்றை எடுத்துக்கொள்வோம். 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானபோது, ஸ்பானியாவும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன (1580–1640). இரு நாட்டு மொழிகளும் இலத்தீனினின்று கிளைத்தவை. அவற்றின் வினைத்திரிபும் பெரிதும் ஒத்தது.

'அப்லார்' என்பது பேசுதல். ஈற்று 'ஆர்' நீங்க எஞ்சுவது பகுதி. அதனோடு விகுதி சேர, அப்லே (பேசினேன்), அப்லாஸ்தே (பேசினாய்), அப்லோ (பேசினான், பேசினாள்), அப்லாமோஸ் (பேசினோம்), அப்லாஸ்தெய்ஸ் (பேசினீர்கள்), அப்லாரோன் (பேசினார்கள்) என்பன தோன்றும். 'ஏர்', 'ஈர்' ஈற்று வினைகள் வேறொரு விகுதி வரிசையைத் தமக்குள் பொதுவாகக் கொள்ளும்: கோமேர் (உண்ணுதல்) கோமீ (உண்டேன்) ஆகும், பிபீர் (வாழ்தல்) பிபீ (வாழ்ந்தேன்) ஆகும். அழுத்தமும் பொருள் வேறுபடுத்தும். 'அப்லோ' முதலசையில் அழுத்தம் பெறின் 'பேசுகிறேன்'. ஈற்றசையில் பெறின் 'பேசினான்'.

தமிழோடு ஒப்பிடுமிடத்து வேறுபாடு தெளிவாகும். 'பேசினேன்' என்பது பேசு + இன் + ஏன் எனப் பிரியும். காலத்தை இடைநிலையும், திணை, பால், எண், இடங்களை விகுதியும் உணர்த்தும். 'அப்லே' என்பதிலோ இறுதி 'ஏ' ஒன்றே காலம், இடம், எண் மூன்றையும் உணர்த்துகின்றது. இலத்தீனில் இவை பிரிந்திருந்தன: 'அமாவி' (நேசித்தேன்) என்பதில் வகரம் இடைநிலை போல் நின்றது. அது தேய்ந்தே ஸ்பானியத்தில் 'அமே' ஆயிற்று.

இத்தகைய விகுதிகள் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தனவா? கதிரை, மேசை, யன்னல், சப்பாத்து முதலாய பெயர்களைப் போர்த்துக்கேயத்தினின்றும் பெற்ற நம் பேச்சுமொழி, அதன் வினைவிகுதி ஒன்றையேனும் பெறவில்லை. 1658 இல் முடிவுற்ற அவ்வாட்சி புதிய பொருள்களைக் கொணர்ந்தது. உழவரும் கைவினைஞரும் தொழில் செய்த மொழியை மாற்றவில்லை.

மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரிடையே வேறு நிலைமை உருவாயிற்று. படைவீரர், வணிகர், அடிமைகள், உள்ளூர்ப் பெண்கள் ஆகியோர் கலந்து வாழ்ந்த குடியேற்றச் சூழலிற் பிறந்த கிரியோல் மொழி, போர்த்துக்கேயச் சொற்களைக் கொண்டும் அதன் இறந்தகால விகுதிகளைக் கொள்ளவில்லை. 'ஏற்கெனவே' எனப் பொருள்படும் 'ஜா' என்னும் சொல் வினைக்கு முன்னொட்டாகி இறந்தகாலம் உணர்த்துகின்றது. 'ஜாஃபலா' என்பது பேசினேன், பேசினாய், பேசினான் அனைத்துக்கும் பொது. பேசியவர் யார் என்பதை எழுவாயே காட்டும். வினையை ஈற்றில் வைக்கும் சொல்லொழுங்கில் தமிழின் செல்வாக்குப் புலனாகின்றது.

இதனை 'உடைந்த போர்த்துக்கேயம்' என்பது ஆள்வோரின் மொழியையே அளவுகோலாகக் கொள்வோர் கூற்று. விகுதிகள் அழிந்த இடத்தில் ஒழுங்கின்மை தோன்றவில்லை. வேறோர் ஒழுங்கே தோன்றிற்று. அதனை ஆக்கியோர் பலர் பள்ளியையோ இலக்கண நூலையோ அறியாதோர். கற்றோர் 'கொச்சை' என ஒதுக்கும் எந்தப் பேச்சையும் ஆராயப் புகுவோர் இவ்வுண்மையை மனங்கொள்ளல் வேண்டும்.