புள்ளி விழாமல் பெயர் வெட்டுவது எப்படி?

நமது தையல் வகுப்புச் சகோதரிகள் சிலர் இப்போது கட்டிங் மெஷினில் பெயர் ஸ்டிக்கர் வெட்டப் பழகி வருகிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழை பொய்த்தால் காட்டு வேலை நின்றுவிடும். நிழலில் அமர்ந்து செய்யும் இதுபோன்ற வேலை வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும். அதில் முதலில் வந்த சிக்கல், புள்ளி.

'மர்யம்' என்று வெட்டினால், எழுத்துக்கு மேலுள்ள புள்ளிகளை மெஷின் தனித்தனித் துண்டாக வெட்டிவிடுகிறது. கழிவை உரிக்கும்போது புள்ளியும் சேர்ந்து போய்விடுகிறது. 'ஃபாத்திமா'வின் ஆய்தமோ மூன்று துண்டு. அரபியில் பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்றே. கீழே ஒன்று, மேலே இரண்டு, மேலே மூன்று என்று புள்ளிதான் பிரித்துக் காட்டுகிறது. புள்ளி விழுந்தால் எழுத்தே மாறிவிடும்.

இதற்குத் தீர்வு 'ஆஃப்செட்'. எழுத்தைச் சுற்றிச் சம தூரத்தில் ஒரு வெளிக்கோடு போடும் வசதி இது. மெஷின் எழுத்தை வெட்டாது. அந்தக் கோட்டை மட்டும் வெட்டும்.

கிரிக்கட் டிசைன் ஸ்பேஸில் பெயரைத் தேர்வு செய்து, மேல் வரிசையில் 'ஆஃப்செட்' அழுத்துங்கள். தூரம் 0.25 அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. என்று வரும், அதைக் கூட்டலாம், குறைக்கலாம். எவ்வளவு வைப்பது? எழுத்துக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இடைவெளி 4 மி.மீ. என்றால் 2 மி.மீ.க்கு மேல் வையுங்கள். குறைந்தால் புள்ளிக்குத் தனி வட்டம் விழுந்து, பழைய கதைதான். உள்ளே சிறு ஓட்டைகள் தெரிந்தால் 'கான்டூர்' மூலம் மறைக்கலாம். பிறகு பெயரையும் வெளிக்கோட்டையும் சேர்த்துத் தேர்வு செய்து 'ஃப்ளாட்டன்' கொடுத்தால், பிரிண்டரில் அச்சாகி, ஓரம் மட்டும் வெட்டுப்படும்.

இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பிலும் 'அவுட்செட்', 'லிங்க்ட் ஆஃப்செட்' என்ற பெயர்களில் இந்த வசதி உண்டு.

இதில் நமக்கு இன்னொரு நிம்மதியும் இருக்கிறது. 'பிஸ்மில்லாஹ்' போன்ற வாசகங்களை எழுத்து எழுத்தாக வெட்டும்போது துணுக்குகள் தரையில் சிதறி, காலில் மிதிபடும். வெளிக்கோட்டோடு வெட்டினால் வாசகம் முழுதாக ஒரே துண்டாக நிற்கும். அச்சுப் பிழையானவற்றைக் குப்பையில் போடாமல், தனிப் பையில் சேர்த்துச் சுத்தமான இடத்தில் புதைத்துவிடுங்கள்.

முதலில் வெள்ளைத் தாளில் ஒரு பெயரை வெட்டிப் பார்த்த பிறகே ஸ்டிக்கர் தாளை வையுங்கள். இன்ஷா அல்லாஹ், தாளும் வீணாகாது, உழைப்பும் வீணாகாது.