உங்களுக்குத் தெரியுமா? பிரஷர் விட்டுச்செல்லும் தடயங்கள்

● பிரஷரை அளக்கக் கருவியே வராத காலத்தில், அது செய்திருந்த நாசத்தை ஒரு கரண்டிக்குள் பார்த்துவிட்டார் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். சிலருடையது சூடேறியதும் முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்துத் திரளும். ரத்தத்திலேயே தங்கியிருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதத்தைச் சிறுநீரகம் ஒழுகவிட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். 1827இல் இதை எழுதினார். அப்படிப்பட்டவர்கள் பலருக்கு இதயமும் தடித்துப் பெருத்திருப்பதை 1836இல் பதிவு செய்தார். கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரோச்சி கொண்டுவந்தது 1896இல்தான்.

● பிரஷரைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டுச் சிறுநீரில் தொடங்குகிறானே என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. சிறுநீரகம் அடிபடத் தொடங்கியதும் பல நேரங்களில் ரத்தத்துக்கு முன்பே சேதி சொல்வது சிறுநீர்தான். சிறுநீரில் கிரியேட்டினின் என்ற கழிவு ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்தால் கவனிக்க வேண்டும். ஒருமுறை கூடுதலாக வந்ததும் பதற வேண்டாம். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று எல்லாமே இதை ஏற்றிவிடும். மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பிரஷர் இருப்பவர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் எடுக்கும்போது, அதில் 60 பரிசோதனைகளா 80 பரிசோதனைகளா என்று எண்ணுவதைவிட இந்த ஒன்று இருக்கிறதா என்று கேட்பது மேல்.

● லேப் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.1. பக்கத்தில் ‘நார்மல்’. 25 வயது இளைஞருக்கும் 70 வயதுப் பாட்டிக்கும் இதே 1.1தான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்து, 2021இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது. பாட்டியுடையது 54தான். அது 60க்குக் கீழேயே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை வற்றிய உடம்பில் அது குறைவாகத்தான் ஊறும். அதனால் வடிகட்டும் திறன் பாதி போன பிறகும் எண் சாதுவாக உட்கார்ந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்று ஒரு வரி இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

● அந்தக் கிரியேட்டினினை அளக்க 1886இல் மாக்ஸ் யாஃபே கண்ட வினையை இன்றும் பல லேப்கள் விடவில்லை. காரத்தோடு கலந்த பிக்ரிக் அமிலத்தின் மஞ்சள் நிறம், கிரியேட்டினின் பட்டதும் செம்மஞ்சளாக மாறும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு கிரியேட்டினின். ரத்தத்தில் இருக்கும் வேறு சில பொருள்களும் இந்த நிறத்தில் கைவைக்கும் என்பதால், என்சைம் முறைக்கு மாறிய லேப்களும் உண்டு.

● மதியம் மட்டன் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு மாலையில் ரத்தம் கொடுத்தால் கிரியேட்டினின் சற்று ஏறித் தெரியலாம். வெந்த இறைச்சியிலேயே அது இருக்கிறது.

● சிறுநீரகத்தின் நிலையைச் சொல்ல, தசையை நம்பாத இன்னொரு சாட்சி சிஸ்டாட்டின் சி என்ற புரதம். உட்கரு உள்ள எல்லா செல்களும் இதைச் சுரக்கின்றன. அதனால் பயில்வானுக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் ஓரளவு ஒரே நியாயம். ஆனால் தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதைக் குழப்பும். விலையும் கூடுதல்.

● பிரஷருக்காக எனலாப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது உண்டு. ‘மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது’ என்று பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நடப்பது வேறு. சிறுநீரக வடிகட்டிக்குள் இருந்த அழுத்தத்தை மாத்திரை இறக்குகிறது. அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் அளவும் முதலில் சற்றுக் குறையும். நீண்ட நாளில் வடிகட்டியைக் காப்பது அதே இறக்கம்தான். 30 சதவிகிதம் வரையான ஏற்றத்தைப் பொதுவாக மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினாலோ பொட்டாசியம் ஏறினாலோதான் யோசிப்பார்கள். அதற்காகத்தான் மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வது. இந்த மாத்திரைக் குடும்பத்தின் மூத்த பிள்ளை கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது என்பது கொசுறு.

● இதயம் ஒரு சுரப்பியும்கூட. 1981இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறையை அரைத்தெடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார். அவை மளமளவென்று சிறுநீர் கழித்தன. ரத்த அழுத்தமும் இறங்கியது. அதே குடும்பத்து இன்னொரு பொருளை 1988இல் ஜப்பானியர்கள் பன்றியின் மூளையில் கண்டுபிடித்தார்கள். அதை அதிகம் சுரப்பது இதயத்தின் கீழறைதான் என்பது பிறகு தெரிந்தது. இன்று மூச்சிரைப்போடு வருபவருக்கு எடுக்கப்படும் பி.என்.பி. பரிசோதனை அதுதான். வருடக்கணக்கில் பிரஷரை எதிர்த்துத் தள்ளித்தள்ளிச் சுவர் தடித்துத் திணறும் இதயம், ரத்தத்தில் இதை ஏற்றிக்கொண்டே போகும். என்.டி. புரோ பி.என்.பி. என்ற வகை மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால், அவசரநிலை இல்லாமல் வரும் நோயாளிக்கு இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு குறைவு. உடல் பருத்தவர்களுக்கு மட்டும் இந்த எண் குறைத்தே காட்டும். அவர்களிடம் ‘நார்மல்’ என்றதும் கோப்பை மூடிவிடக் கூடாது.

● டிரோபோனின் என்ற இதயத்தசைப் புரதம் ரத்தத்தில் தெரிந்தால் மாரடைப்பு என்றுதான் நினைப்போம். இப்போதைய நுண்ணிய கருவிகளோ நலமாக இருப்பவர்களின் ரத்தத்திலும் துளித்துளியாக அதைக் காண்கின்றன. மாரடைப்பில் அது சில மணி நேரத்துக்குள் ஏறி, பிறகு இறங்கும். நாள்பட்ட பிரஷரில் இதயச் சுவர் தடித்தவர்களுக்கு ஏறாமல் இறங்காமல் சற்றே கூடுதலாக நிற்கும். வலியே இல்லாத தேய்மானம் அது. இதனால்தான் நெஞ்சுவலியோடு போனால் ஒரு முறை ரத்தம் எடுத்ததோடு விடாமல் சில மணி கழித்து மறுபடி எடுக்கிறார்கள்.

● முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில டிரோபோனின் பரிசோதனைகள் பயோட்டினையே ஒட்டும் பசையாக வைத்து இயங்குகின்றன. உடம்பில் அது நிறைய இருந்தால் டிரோபோனின் பொய்யாகக் குறைந்து தெரியும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தபோது, இப்படித் தவறாகக் குறைந்த எண் வந்து, பிறகு இறந்துபோன ஒருவரைப் பற்றியும் சொன்னது. ரத்தம் கொடுக்கும்போது சத்து மாத்திரைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

● கண்ணுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம். உடம்பை அறுக்காமல் ரத்தக்குழாயை நேரே பார்க்க முடிகிற இடம் விழித்திரை. அங்கே தெரியும் பிரஷர் சேதத்தை நான்கு படிகளாக 1939இலேயே பிரித்து வைத்துவிட்டார்கள்.

● மூளைக்கு? நரம்பிழை சிதையும்போது நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது. அதைப் பிகோகிராம் கணக்கில் அளக்கும் கருவி வந்துவிட்டது. பிரஷர் நோயாளிக்கு வழக்கமாக எழுதித்தரும் பரிசோதனை அல்ல இது. யாராவது பேக்கேஜில் சேர்த்து விற்றால் ‘எதற்கு?’ என்று கேளுங்கள்.

● பிரஷர் இருப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்திருக்கிறதா? அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டீரோனை அள்ளிக் கொட்டுகிறதோ என்று பார்க்க வேண்டும். 1950களில் ஜெரோம் கான் அடையாளம் காட்டிய இந்தக் கோளாறில், அதே அளவு பிரஷர் உள்ள மற்றவர்களைவிட இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அடி அதிகம். பொட்டாசியம் சரியாக இருப்பவர்களுக்கும் இது இருக்கலாம். ஆல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதத்தை, பிரஷர் உறுதியான எல்லாப் பெரியவர்களுக்கும் பார்ப்பது பற்றி யோசிக்கலாம் என்கிறது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல்.

● கர்ப்பிணிகளின் பிரஷருக்குத் தனிக் கணக்கு. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இரண்டு புரதங்களின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், சந்தேகத்தோடு வந்த தாய்க்கு அடுத்த ஒரு வாரத்துக்குள் முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்ளாம்ப்சியா) வர வாய்ப்பு மிகக் குறைவு. அட்மிட் ஆகச் சொல்வதா, வீட்டுக்கு அனுப்பி அடுத்த வாரம் வரச் சொல்வதா என்று முடிவெடுக்க அந்த எண் மருத்துவருக்குக் கைகொடுக்கிறது.