டேஷ்கேம் பொருத்தப் போகிறீர்களா? வயர் இணைப்பையும் கொஞ்சம் கவனியுங்கள்!

மாசாய் – விடிவதற்கு முன்பே பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் வேலைக்குப் புறப்படும் மோட்டார் சைக்கிள்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவற்றில் பல, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் செல்பவை. கைப்பேசிக்கு மின்னூட்டம் தரும் யுஎஸ்பி சாக்கெட், கூடுதல் விளக்கு என்று ஏதாவது ஒன்று அவற்றில் பொருத்தப்பட்டிருக்கும். கார் என்றால் டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா.

கருவியின் விலையையும் தரத்தையும் விசாரித்து வாங்குகிறோம். அதன் வயரை வண்டியின் வயரோடு எப்படி இணைத்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. ஆபத்து பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை உண்டாகிறது. அதன் வழியே 4 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. 12 வோல்ட்டில் 2 வோல்ட் அங்கேயே வீணாகும். அந்தச் சிறு புள்ளியில் 8 வாட் வெப்பம் உண்டாகும். வயரின் பிளாஸ்டிக் உறை இளகுவதற்கு அது போதும். அப்போது 10 ஆம்பியர் ஃபியூஸ் காப்பாற்றாதா? காப்பாற்றாது. மின்சாரம் அளவை மீறினால்தான் ஃபியூஸ் அறுந்துபோகும். இங்கு மின்சாரம் அளவை மீறவே இல்லை.

எந்த முறை நல்லது?

முறுக்கி டேப் ஒட்டுவது: செலவில்லாத வழி, ஆனால் மிக மோசமான வழி. நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி, சுற்று பிரிந்துவிடும்.

கிளிப் இணைப்பி: உள்ளே இருக்கும் உலோகத் தகடு வயரின் உறையைக் கிழித்து, செம்பைத் தொடும். ஒரு நிமிட வேலைதான். ஆனால் வயரின் அளவு பொருந்தாவிட்டால் சில இழைகள் அறுபடும், அல்லது சரியாகத் தொடாது. மழையில் நனையும் மோட்டார் சைக்கிளுக்கு இது ஏற்றதல்ல.

ஈயம் பற்றவைப்பது: மின்சாரம் நன்றாகப் பாயும். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்தப் பகுதியை விறைப்பாக்கிவிடும். வண்டி அதிரும்போது விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியலாம். பற்றவைத்தால், அசையாதபடி இருபுறமும் கட்டிவைக்க வேண்டும்.

கிரிம்ப் இணைப்பி: வயரைச் சிறு உலோகக் குழாயில் நுழைத்து அதற்குரிய கருவியால் நசுக்குவது. அதிர்வைத் தாங்குவதில் இதுவே சிறந்தது. சிவப்பு மெல்லிய வயருக்கு, நீலம் நடுத்தர வயருக்கு, மஞ்சள் தடித்த வயருக்கு. சாதாரணக் குறடால் நசுக்கினால் பிடிமானம் இருக்காது. நசுக்கியதும் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் மீண்டும் செய்ய வேண்டும். உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயை மேலே மாட்டிச் சூடு காட்டினால் ஈரம் புகாது.

வயரை வெட்டாமலும் முடியும்

டேஷ்கேமுக்கு 'ஃபியூஸ் டேப்' வாங்கலாம். ஃபியூஸ் பெட்டியில் உள்ள ஒரு ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால், பழைய இணைப்புக்கு ஒன்று, புதிய கருவிக்கு ஒன்று என இரண்டு ஃபியூஸ்கள் கிடைக்கும். வண்டியின் வயரில் கத்தியே படாது. எர்த் வயரை, பெயிண்ட் இல்லாத உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

மஞ்சள் உறை போட்ட வயர்களையும் மஞ்சள் இணைப்பிகளையும் தொடவே கூடாது. அவை பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. மோட்டார் சைக்கிளில், கைப்பிடி இருபுறமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு வயரைத் தளர்வாக விட வேண்டும்.

வண்டியைப் பட்டறையில் விடும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த முறையில் இணைப்பீர்கள்? புதிய கருவிக்குத் தனி ஃபியூஸ் உண்டா? மூடுவதற்கு முன் இணைப்பை எனக்குக் காட்டுவீர்களா? நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். இருட்டில் நெடுஞ்சாலை நடுவே விளக்கு அணைந்த பிறகு கேட்பதைவிட, இப்போதே கேட்பது மேல்.