நினைவில் நிற்கும் வளவுகள்

தா. சனாதனன் (பிறப்பு 1969, யாழ்ப்பாணம்)
'முற்றுப்பெறாத தோம்பு', 2011
வரைபடங்களும் உலர் பஸ்டல் ஓவியங்களும், நூல் வடிவில்

காணியையும் அதன் உரிமையாளரையும் பதிந்துவைத்த பழைய ஏடு தோம்பு. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல்; ஒல்லாந்தர் காலத்திலும் அந்தப் பதிவு தொடர்ந்தது. வளவை விட்டுப் போக நேர்ந்தவர்களுக்காகச் சனாதனன் ஆக்கிய தோம்பு இது.

இலங்கை உள்நாட்டுப் போரின்போது, 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களில் 80 பேர், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள்.

ஒவ்வொரு வீடும் மூன்று கைகளில் உருவாகிறது. முதலில் வீட்டுக்காரரின் கோடு. படம் வரைந்து பழகாத கை; ஆனால் அந்த வாசலில் ஆயிரம் தடவை செருப்புக் கழற்றியவரின் கை. அடுத்தது, அதையே நேராக்கிய கட்டடக்கலைஞரின் கோடு. மூன்றாவதாக, ஓவியரின் உலர் பஸ்டல்.

கரியைப் போலவே உலர் பஸ்டலும் தாளின் சொரசொரப்பில் தூளாக ஒட்டி நிற்கும். விரல் பட்டால் கலைந்துவிடும். இழந்த வீட்டைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடைப்பது அரிது.

முதலில் வீட்டுக்காரரின் படத்தைப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒப்பிட்டால் அறைகள் எவ்வளவு பெரிதாக இருக்கின்றன, கோடு எங்கே தடுமாறுகிறது, எங்கே அழுத்தமாக விழுகிறது என்று கவனியுங்கள். அதன் பிறகு கட்டடக்கலைஞரின் படத்துக்கு வாருங்கள். அளவுகோல் திருத்திய இடங்களில்தான் அந்த வீட்டில் வாழ்ந்தவர் இருக்கிறார்.